மேகமலை இருட்டும் படத்தின் இரைச்சலும்

ஒளி போதாத இடத்தில் எடுத்த டிஜிட்டல் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால், ஒரே நிறமாக இருக்க வேண்டிய பரப்பிலும் சொரசொரவென்று புள்ளிகள் தெரியும். சில புள்ளிகள் வெளிச்சம் கூடியும் சில மங்கியும் கிடக்கும். இடையிடையே சிவப்பும் பச்சையும் சிதறியிருக்கும். இதுதான் இரைச்சல். ஸ்டுடியோக்காரர்கள் பேச்சில் நாய்ஸ், அல்லது கிரெயின்ஸ். தேனி மாவட்டத்தில் கேமரா பிடிப்பவர்கள் இதிலிருந்து தப்ப முடியாது. மேகமலைச் சோலைக்குள் நண்பகலிலும் வெளிச்சம் முழுதாகத் தரை இறங்குவதில்லை. வீரபாண்டி கௌமாரியம்மன் கோயில் சித்திரைத் திருவிழாவின் கூட்டம் இரவில்தான் நிறைகிறது. கம்பத்திலும் சின்னமனூரிலும் பல முகூர்த்தங்கள் பொழுது விடியும் முன்பே முடிந்துவிடுகின்றன.

இந்தப் புள்ளிகளை நீக்கித் தருவதாகச் சொல்லும் மென்பொருள்கள் இன்று டஜன் கணக்கில் உள்ளன. எது நல்லது என்ற கேள்விக்கு, எது அதிகம் சுத்தமாக்குகிறது என்று பார்த்து விடை சொல்வதே வழக்கம். அது தவறான அளவுகோல். இரைச்சல் எங்கிருந்து வருகிறது என்று தெரிந்தால் காரணம் விளங்கும்.

ஒளி தொடர்ச்சியான தாரையாக வருவதில்லை; ஃபோட்டான் எனும் துகள்களாக வருகிறது. கேமராவின் சென்சாரில் உள்ள ஒவ்வொரு பிக்சலும் தன்மேல் விழும் ஃபோட்டான்களை எலக்ட்ரான்களாக மாற்றி எண்ணுகிறது. ஃபோட்டான் எங்கே விழும் என்பதில் ஒழுங்கு கிடையாது. நாற்றங்காலில் விதை நெல்லை அடர்த்தியாக வீசினால் பாத்தி முழுக்க ஒரே சீராகத் தெரியும். ஒரு கைப்பிடியை மட்டும் அதே பாத்தியில் வீசினால் ஓரிடத்தில் நான்கு, பக்கத்தில் ஒன்று, அதற்கடுத்து வெற்றிடம் என்று திட்டுத் திட்டாக இருக்கும். வீசியவர் கை ஒன்றுதான்; எண்ணிக்கை குறைந்ததால்தான் சீரின்மை கண்ணுக்குப் படுகிறது.

கணிதம் இதைச் சுருக்கமாகச் சொல்கிறது: சராசரியாக எத்தனை துகள் விழுகிறதோ, அதன் வர்க்கமூலம்தான் ஏற்ற இறக்கத்தின் அளவு. பத்தாயிரம் எலக்ட்ரான் சேர்ந்த பிக்சலில் ஏற்ற இறக்கம் 100, அதாவது 1 விழுக்காடு. நூறு மட்டுமே சேர்ந்தால் 10, அதாவது 10 விழுக்காடு. ஒன்பது என்றால் 3. மூன்றில் ஒரு பங்கு பிசகு.

இதை ஒரு நடைமுறைக் கணக்கில் வைத்துப் பார்க்கலாம். முழுச்சட்டக (ஃபுல் ஃபிரேம்) கேமரா ஒன்றின் பிக்சல் ஐஎஸ்ஓ 100-இல் அதிகபட்சம் 51,200 எலக்ட்ரான் கொள்ளும் என்று வைத்துக்கொள்வோம். அதே கேமராவை ஐஎஸ்ஓ 6400-இல் வைத்தால், படத்தின் மிகப் பிரகாசமான இடத்துக்கே 800 எலக்ட்ரான்தான் கிடைக்கும். நடுத்தரச் சாம்பல் நிறத்துக்கு ஏறத்தாழ 144. பிசகு 8 விழுக்காடு. அதைவிட மூன்று ஸ்டாப் இருண்ட நிழலில் (ஒரு ஸ்டாப் என்பது வெளிச்சம் பாதியாவது) 18 எலக்ட்ரான். இதனுடன் சென்சாரின் மின்சுற்று, எண்ணிக்கையைப் படித்துச் சொல்லும்போது செய்யும் பிழையும் சேரும். அது 2 எலக்ட்ரான் அளவு என்றாலும், மொத்தப் பிசகு 26 விழுக்காடு ஆகிவிடுகிறது. சோலைமந்தியின் கறுத்த முதுகும் நீலகிரிக் கருமந்தியின் உடலும் படத்தில் இந்த நிழல் பகுதியில்தான் வந்து விழும்.

ஐஎஸ்ஓ எண்ணைக் கூட்டுவதால்தான் இரைச்சல் வருகிறது என்பது பரவலான நம்பிக்கை. ஐஎஸ்ஓ செய்வது பெருக்கல் மட்டும். குறைவாக விழுந்த ஒளியைப் பெருக்கிக் காட்டும்போது அதன் சீரின்மையும் சேர்ந்து பெருகுகிறது. குற்றவாளி ஒளிப் பற்றாக்குறை. கைபேசியில் நிலைமை மோசமாவதற்கும் இதுவே காரணம். முழுச்சட்டக சென்சாரின் பரப்பு 864 சதுர மில்லிமீட்டர். பல கைபேசிகளின் சென்சார் 25 சதுர மில்லிமீட்டரைச் சுற்றித்தான். அதே வெளிச்சத்தில், அதே துளையளவு எண்ணில், அதே நேரத்தில் அதற்குக் கிடைக்கும் மொத்த ஒளி முப்பதில் ஒரு பங்குக்கும் குறைவு.

வெப்பமும் தன் பங்கைச் செலுத்தும். ஒளியே இல்லாவிட்டாலும் சென்சாரில் வெப்பத்தால் எலக்ட்ரான்கள் கசிகின்றன. சுமார் 6 முதல் 8 டிகிரி செல்சியஸ் ஏறினால் இந்தக் கசிவு இரட்டிப்பாகும். ஆகவே விண்மீன்களை நிமிடக்கணக்கில் எடுப்பவருக்கு, மே மாதத் தேனிச் சமவெளியை விடக் கொழுக்குமலை உச்சி நல்ல இடம். வானம் தெளிவு என்பது மட்டும் காரணம் அல்ல.

இன்னொரு விருந்தாளியும் உண்டு. விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்தில் மோதி உண்டாக்கும் மியூவான் துகள்கள், கடல் மட்டத்தில் ஒரு சதுர சென்டிமீட்டருக்கு நிமிடத்துக்கு ஒன்று என்ற கணக்கில் எல்லாவற்றையும் ஊடுருவிச் செல்கின்றன. முழுச்சட்டக சென்சாருக்கு நிமிடத்துக்கு ஒன்பது. நீண்ட நேரப் படத்தில் இவை வெள்ளைப் புள்ளியாகவோ சிறு கீறலாகவோ பதியும். தேவாரம் அருகே பொட்டிப்புரத்தில் நியூட்ரினோ ஆய்வகம் திட்டமிடப்பட்டபோது, அம்பரப்பர் மலையின் ஒரு கிலோமீட்டருக்கும் மேலான பாறையைக் கூரையாகக் கேட்டது இதே மியூவான்களைத் தடுக்கத்தான். மத்திய அமைச்சரவை 2015 ஜனவரியில் ஒப்புதல் தந்த அந்தத் திட்டம் எதிர்ப்பாலும் வழக்குகளாலும் நின்றுபோனது. கேமராக்காரருக்கு அவ்வளவு பெரிய கூரை தேவையில்லை. ஒரே காட்சியைப் பல முறை எடுத்து, ஒவ்வொரு பிக்சலுக்கும் நடு மதிப்பை எடுத்துக்கொண்டால் இந்தக் கீறல்கள் மறைந்துவிடும்.

நிறப் புள்ளிகளின் கதை தனி. சென்சாரின் ஒவ்வொரு பிக்சலும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றில் ஒன்றை மட்டுமே பார்க்கும். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் வடிவமைத்து 1976-இல் காப்புரிமை பெற்ற வடிகட்டி அமைப்பு இது. மற்ற இரு நிறங்களும் பக்கத்து பிக்சல்களிலிருந்து ஊகிக்கப்படுகின்றன. இரைச்சல் உள்ள ஒரு பிக்சல் இந்த ஊகத்தின் வழியே அண்டை அயலுக்கும் பரவி, புள்ளியாக இருந்தது நிறத் திட்டாகிவிடுகிறது. நல்ல செய்தி என்னவென்றால், மனிதக் கண் நிறத்தின் நுணுக்கத்தை அவ்வளவாகக் கவனிப்பதில்லை. நிற இரைச்சலைத் தாராளமாகத் துடைக்கலாம், இழப்பு தெரியாது. வெளிச்ச இரைச்சலில்தான் சண்டையே.

ஊகத்தின் நான்கு தலைமுறைகள்

விழாத ஃபோட்டானை எந்த மென்பொருளும் கொண்டுவர முடியாது. பிசகான எண்ணுக்குப் பதில் நியாயமான எண் எதுவாக இருக்கும் என்று ஊகிக்க மட்டுமே முடியும். அந்த ஊகத்துக்கு எதை ஆதாரமாகக் கொள்கிறது என்பதில்தான் ஒரு மென்பொருள் மற்றொன்றிலிருந்து வேறுபடுகிறது.

முதல் தலைமுறையின் ஆதாரம் எளிது: பக்கத்துப் பிக்சல்கள் ஒன்றுபோல இருக்கும். சராசரி எடுத்தால் புள்ளி போகும். கூடவே விளிம்பும் மங்கும். 1998-இல் கார்லோ தொமாசியும் ரொபர்ட்டோ மந்துச்சியும் தந்த இருபக்க வடிகட்டி, வெளிச்ச அளவில் நெருங்கிய பிக்சல்களை மட்டும் சராசரியில் சேர்த்து விளிம்பைக் காப்பாற்றியது. ஆனால் ரோமம், புல், துணி நெசவு போன்ற மெல்லிய வேறுபாடுகளை அதனால் இரைச்சலிலிருந்து பிரித்தறிய முடியவில்லை. மணப்பெண்ணின் முகம் மெழுகுபோல வழவழப்பாகும் பழைய ஆல்பங்கள் பெரும்பாலும் இந்த வகை வடிகட்டிகளைக் கூடுதலாகத் திருகியதன் விளைவு.

இரண்டாவது, அலைத்துண்டு (வேவ்லெட்) முறை. படத்தைப் பெரிய வடிவங்கள், நடுத்தரம், நுண்ணியவை என்று அடுக்கடுக்காகப் பிரித்து, ஒவ்வோர் அடுக்கிலும் குறிப்பிட்ட அளவுக்குக் கீழே உள்ளவற்றை இரைச்சல் என்று தள்ளிவிடும். 1990களில் டேவிட் டொனொஹோவும் இயன் ஜான்ஸ்டோனும் இதற்குக் கணித அடித்தளம் இட்டார்கள். இலவச மென்பொருள்களான ரா தெரபியும் டார்க்டேபிளும் இன்றும் இதைப் பயன்படுத்துகின்றன.

மூன்றாவதுதான் உண்மையான பாய்ச்சல். ஒரு படத்தில் ஒன்றுபோன்ற துண்டுகள் பக்கத்தில்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொலைவிலும் இருக்கலாம் என்று அந்தோனி புவாதெஸ், பர்த்தொமேவ் கோல், ழான்-மிஷேல் மொரெல் மூவரும் 2005-இல் எடுத்துக்காட்டினார்கள். ஒரு சிறு சதுரத்தை எடுத்து, அதைப் போன்ற சதுரங்களைப் படத்தின் வேறு பகுதிகளிலும் தேடி, அவற்றின் சராசரியைக் கொள்வது அவர்கள் முறை. ஃபின்லாந்தின் தம்பெரே பல்கலைக்கழகத்தார் இதை மேம்படுத்தி உருவாக்கிய பிஎம்3டி முறை 2007 முதல் ஏறத்தாழப் பத்தாண்டுகள் ஆய்வுலகின் அளவுகோலாக இருந்தது. பட்டுச் சேலையின் ஜரிகைக் கரைக்கு இந்த முறை கச்சிதம்: ஒரே கட்டம் நூறு முறை திரும்ப வருவதால் சராசரி எடுக்க நூறு சாட்சிகள் கிடைக்கின்றன. தொலைவிலிருந்து எடுத்த தேயிலைச் சரிவும் அப்படியே. கதம்ப மாலைக்கும் சோலையின் இலைக் குவியலுக்கும் அந்தச் சலுகை கிடையாது. அங்கே எந்தத் துண்டும் மற்றொன்றைப் போல இருப்பதில்லை.

நான்காவது, நரம்பு வலையமைப்பு. சுத்தமான படமும் இரைச்சல் சேர்த்த அதே படமும் ஜோடி ஜோடியாகப் பல்லாயிரம் காட்டப்பட்டு, ஒன்றிலிருந்து மற்றதைக் கணிக்க வலையமைப்பு பழகுகிறது. 2017-இல் வந்த டிஎன்சிஎன்என் இதில் மைல்கல். இங்கே ஆதாரம் படத்துக்குள் இல்லை. வெளியே, பழகிய படங்களில் இருக்கிறது. இந்த ஒரு வேறுபாட்டின் பலனையும் ஆபத்தையும் பின்னர் பார்க்கலாம்.

கடையில் கிடைப்பவை

2000களின் தொடக்கத்தில் பெயர் பெற்றவை நாய்ஸ் நிஞ்சா, நீட் இமேஜ், நாய்ஸ்வேர். படத்தில் ஒரு வெற்றுப் பரப்பைக் காட்டினால் அதிலிருந்து இரைச்சலின் இயல்பை அளந்து மற்ற இடங்களில் துடைப்பது நீட் இமேஜின் முறை. நிக் நிறுவனத்தின் டிஃபைன் கூகுளின் கைக்குப் போய் 2016-இல் இலவசமாகி, 2017-இல் பிரான்ஸின் டிஎக்ஸ்ஓவிடம் சேர்ந்தது. இவை எல்லாமே பெரும்பாலும் முடிந்த படத்தின் மேல் வேலை செய்தன. நிற ஊகத்தில் இரைச்சல் பரவிய பிறகு துடைப்பது கடினம் என்ற உண்மை அவற்றின் கையைக் கட்டிவிட்டது.

டிஎக்ஸ்ஓ 2013-இல் பிரைம் என்ற முறையைக் கொண்டுவந்து, சென்சார் பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா கோப்பிலேயே வேலையைத் தொடங்கியது. 2020-இல் வந்த டீப்பிரைம், நிற ஊகத்தையும் இரைச்சல் நீக்கத்தையும் ஒரே நரம்பு வலையமைப்பில் சேர்த்துச் செய்தது. அடோபி லைட்ரூம் 2023 ஏப்ரலில் அதே திசையில் தன் டிநாய்ஸ் வசதியை வெளியிட்டது. இரண்டுக்கும் ரா கோப்பு வேண்டும். 2019-இல் வந்த டோபாஸ் டிநாய்ஸ் ஏஐ, ஜேபெக் படத்தையும் ஏற்றுக்கொண்டது. ஜேபெக்கில் மட்டுமே எடுத்துப் பழகிய திருமண ஸ்டுடியோக்களுக்கு அது வசதி; ஆனால் 8க்கு 8 பிக்சல் கட்டங்களாகச் சுருக்கப்பட்ட படத்தில் இரைச்சல் தன் இயல்பை இழந்து கட்டங்களோடு கலந்துவிடுவதால், எந்த மென்பொருளும் ரா கோப்பில் காட்டும் திறனை அங்கே காட்டுவதில்லை.

இலவச வரிசையில் டார்க்டேபிள் தனித்து நிற்கிறது. ஒவ்வொரு கேமரா மாடலின் இரைச்சலும் ஒவ்வொரு ஐஎஸ்ஓவிலும் எப்படி இருக்கும் என்று பயனர்கள் அளந்து தந்த விவரங்கள் அதனுள் சேர்க்கப்பட்டுள்ளன. ஐஎஸ்ஓ 3200 வரை, அச்சில் பன்னிரண்டு அங்குல அகலம் என்றால், டார்க்டேபிளில் பொறுமையாகச் செய்த படத்துக்கும் விலை கொடுத்து வாங்கிய மென்பொருளின் படத்துக்கும் வேறுபாடு கண்டுபிடிப்பது எளிதல்ல. 12800-ஐத் தாண்டினால் நரம்பு வலையமைப்புகள் தெளிவாக முந்துகின்றன. ஆனால் அவற்றுக்கு நல்ல கிராஃபிக்ஸ் அட்டை வேண்டும். அது இருந்தால் ஒரு படத்துக்குச் சில நொடிகள். இல்லாத பழைய கணினியில் சில நிமிடங்கள். ஒரே முகூர்த்தத்தில் இரண்டாயிரம் படம் எடுக்கும் ஸ்டுடியோவில் இந்த வேறுபாடு, வேலை ஓர் இரவில் முடியுமா பல நாள் இழுக்குமா என்பதைத் தீர்மானிக்கும்.

ஒப்பிடும் முறை

இரண்டு மென்பொருள்களின் விளைவுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது போதாது. கண் வழவழப்பை நேசிக்கும். கூடுதல் கூர்மையையும் நேசிக்கும். பல மென்பொருள்கள் துடைத்துவிட்டுச் சத்தமில்லாமல் கூர்மையும் ஏற்றிவிடுகின்றன. முறையான ஒப்பீட்டுக்கு ஒரே ரா கோப்பு, கூர்மை ஏற்றம் பூஜ்யம், வெற்றுப் பரப்பில் எஞ்சும் இரைச்சல் இரண்டிலும் சமமாக வரும்வரை அளவுத் திருகுகள் சரிசெய்தல் என்ற மூன்றும் தேவை. அதன் பிறகுதான் நுணுக்கம் எதில் அதிகம் மிஞ்சியது என்று கேட்கலாம்.

புவாதெஸ் குழுவினர் தந்த இன்னொரு சோதனை இதைவிட அழகானது. ஜிம்ப் என்ற இலவசப் படத்திருத்த மென்பொருள் வைத்திருக்கும் எவரும் செய்யலாம். மூலப் படத்தின் மேல் துடைத்த படத்தை அடுக்கி, அடுக்கு முறையை வித்தியாசம் என்று மாற்றி, கிடைப்பதை வெளிச்சமாக்கிப் பார்க்க வேண்டும். திரையில் தெரிவது, மென்பொருள் எடுத்து எறிந்தவை. ஒழுங்கற்ற புள்ளிகள் மட்டும் தெரிந்தால் வேலை நேர்மையானது. அதில் பெரிய இருவாட்சியின் அலகு விளிம்போ சேலையின் மடிப்போ நிழலுருவாகத் தெரிந்தால், இரைச்சலோடு படமும் குப்பைக்குப் போயிருக்கிறது. விளம்பரப் படங்கள் இந்தச் சோதனைக்கு உட்படுத்தப்படுவதில்லை.

ஆய்வாளர்கள் எண்களை நாடுகிறார்கள். பிஎஸ்என்ஆர் என்பது உண்மைப் படத்திலிருந்து விளைவு எவ்வளவு விலகியது என்ற அளவு. 2004-இல் வந்த எஸ்எஸ்ஐஎம், அமைப்பு எவ்வளவு ஒத்திருக்கிறது என்று பார்க்கிறது. இவற்றுக்கு இரைச்சலற்ற உண்மைப் படம் தேவை. பல ஆண்டுகள் அதற்குக் குறுக்குவழி ஒன்று இருந்தது: நல்ல படத்தில் கணினியே செயற்கை இரைச்சலைத் தூவிச் சோதிப்பது. ஜெர்மனியின் தோபியாஸ் புளோட்ஸும் ஸ்டெஃபான் ரோத்தும் 2017-இல் நான்கு கேமராக்களால் 50 காட்சிகளைக் குறைந்த ஐஎஸ்ஓவிலும் அதிக ஐஎஸ்ஓவிலும் ஜோடியாக எடுத்துச் சோதித்தபோது, செயற்கை இரைச்சலில் வென்ற புதிய முறைகள் பலவற்றைப் பத்தாண்டுப் பழைய பிஎம்3டி உண்மை இரைச்சலில் முந்தியது. அதன் பிறகே வலையமைப்புகளை உண்மையான கேமரா இரைச்சலில் பழக்கும் வேலை சூடுபிடித்தது.

மறு ஆண்டு இஸ்ரேலின் யொச்சாய் பிளாவும் தொமெர் மிக்காயெலியும் கணிதத்தால் நிறுவியது இந்த அத்தியாயத்தின் மையப் புள்ளி. கண்ணுக்கு இயல்பாகத் தோன்றுவதும் உண்மைக்கு நெருக்கமாக இருப்பதும் ஓர் எல்லைக்கு மேல் சேர்ந்து வளர முடியாது. ஒன்றைக் கூட்டினால் மற்றது குறையும். மங்கலான விளைவு உண்மைக்கு அருகிலும், மயிர்க்கால் மயிர்க்காலாகத் தெரியும் விளைவு உண்மைக்குத் தொலைவிலும் இருக்கக்கூடும்.

மேகமலையில் இதற்குப் பொருத்தமான சோதனைப்பொருள் ஒன்று உண்டு. 1948-இல் அங்குள்ள ஹைவேவிஸ் மலையில் தேயிலைத் தோட்டத்தில் பணியாற்றிய இயற்கையியலாளர் ஆங்கஸ் ஹட்டன் பிடித்த பழந்தின்னி வௌவால் ஒன்று, பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்தின் சேகரிப்பில் சாதாரணக் குறுமூக்குப் பழந்தின்னி வௌவால் என்ற பெயரில் இருந்தது. தாய்லாந்தின் கிட்டி தொங்லோங்யா அதை ஆராய்ந்து, தனிப் பேரினம் என்று கண்டு, 1972-இல் லேட்டிடென்ஸ் சலீமலீ என்று பெயரிட்டார். பறவையியலாளர் சலீம் அலியின் பெயர் தாங்கிய வௌவால் அது. குறுமூக்கு வௌவாலுக்குக் காது விளிம்பில் வெளிறிய கோடும் சிறு வாலும் உண்டு. சலீம் அலி வௌவாலுக்கு இரண்டும் இல்லை. உறுதியான அடையாளம் பல்லிலும் மண்டையோட்டிலும்தான். ஆனாலும் களத்தில் முதல் ஐயத்தை எழுப்புவதோ தீர்ப்பதோ இந்தச் சிறு கோடுதான்.

இரவில் பறக்கும், உறைவிடத்தில் ஃப்ளாஷ் அடிக்கக் கூடாத விலங்கு இது. ஆகவே படம் ஐஎஸ்ஓ 12800-இல் வரும்; காது முழுவதும் முப்பது நாற்பது பிக்சல் உயரம், விளிம்புக் கோடு ஒன்றிரண்டு பிக்சல் அகலம். முதல் தலைமுறை வடிகட்டி அந்தக் கோட்டைக் கரைத்துவிடும். குறுமூக்கு வௌவால் அரிய வௌவாலாகத் தோன்றும். நரம்பு வலையமைப்பு எதிர்த்திசையிலும் பிழைக்கலாம். அது பழகிய படங்களில் பொதுவான வௌவால்களே மிகுதி என்றால், விளிம்பில் தற்செயலாகச் சேர்ந்த நான்கு வெளிர்ப் புள்ளிகளை இணைத்து ஒரு கோடாகவே வரைந்துவிட இடமுண்டு. முதல் பிழை மங்கலாகத் தெரிவதால் பார்ப்பவர் எச்சரிக்கையாக இருப்பார். இரண்டாவது பிழை துல்லியமாகத் தெரியும், அதுதான் சிக்கல். உயிரினப் பதிவுக்கான படத்தில் நிற இரைச்சலை மட்டும் நீக்கி, வெளிச்ச இரைச்சலை விட்டுவைத்து, ரா கோப்பையும் உடன் தருவது பாதுகாப்பானது. ஆல்பத்துக்கோ நாட்காட்டிக்கோ போகும் படத்தில் டீப்பிரைமோ லைட்ரூமோ எதையும் தாராளமாகப் பயன்படுத்தலாம். அங்கே ஒரு மயிர் கூடுவதால் யாருக்கும் நட்டமில்லை.

ஊகமே செய்யாமல் இரைச்சலைக் குறைக்கும் வழி ஒன்று உண்டு: கூடுதல் ஒளியைச் சேர்ப்பது. ஒரே காட்சியை 16 முறை எடுத்துச் சராசரி கண்டால் இரைச்சல் நான்கில் ஒன்றாகும். கூகுள் 2018-இல் பிக்சல் கைபேசிகளில் தந்த நைட் சைட் இதைத்தான் செய்கிறது. கை நடுக்கத்தைச் சரிசெய்து படங்களை ஒன்றன்மேல் ஒன்று பொருத்துவதும், அசைந்த பகுதியைச் சராசரியில் சேர்க்காமல் விடுவதும் அதன் சாமர்த்தியம். அசையாத மேகமலை அணைக்கரைக்கும் நட்சத்திரம் தெரியும் கம்பம் பள்ளத்தாக்குக்கும், எந்தச் செயற்கை நுண்ணறிவு மென்பொருளையும் விட இந்த முறையின் விளைவு நம்பகமானது. வௌவாலுக்கும் நடனமாடும் கரகாட்டக் கலைஞருக்கும் உதவாது.

2021-இல் அறிவிக்கப்பட்ட ஸ்ரீவில்லிபுத்தூர் மேகமலைப் புலிகள் காப்பகம் போன்ற காடுகளில் வைக்கப்படும் தானியங்கிக் கேமராக்கள் இந்த ஒப்பீட்டின் ஓரத்தில் நிற்பவை. அகச்சிவப்பு ஒளியில் எடுக்கும் மாதிரிகளின் இரவுப் படம் கறுப்பு வெள்ளை. கோப்பு பெரும்பாலும் ஜேபெக். ரா கோப்பு கேட்கும் மென்பொருள்கள் எல்லாம் இங்கே வெளியே. புலியை அதன் வரிகளால் அடையாளம் காண இந்தியக் கணக்கெடுப்பில் பயன்படும் எக்ஸ்ட்ராக்ட் கம்பேர் நிரல், புலியின் உடலை முப்பரிமாண உருவில் பொருத்தி வரிகளின் அமைப்பை ஒப்பிடுகிறது. கறுப்பு வரிக்கும் வெளிர் தோலுக்கும் உள்ள வேறுபாடு பெரியது என்பதால் புள்ளிகள் அந்த ஒப்பீட்டை அதிகம் கெடுப்பதில்லை. புலி நடந்துகொண்டிருக்கும்போது வரிகள் இழுபட்டு மங்கிய படம்தான் தொல்லை. அந்த மங்கல் இரைச்சல் வகையைச் சேர்ந்ததல்ல. இதுவரை சொன்ன எந்த முறையிலும் அது போகாது.